நீலவ்வாவின் கிளி நோட்டு

நீலவ்வாவின் நோட்டை யாராவது திருடிக்கொண்டு போனால், திருடியவனை நினைத்துத்தான் நான் பரிதாபப்படுவேன். இருநூறு பக்க நோட்டு, அட்டையில் பசவண்ணர் படம். உள்ளே ஒரு பெயர் கிடையாது. ஊசி, மாத்திரை என்று ஒரு சொல் கிடையாது. ஒரு பக்கத்தில் கிளி, அடுத்ததில் கத்தரிக்கோல், அதற்கடுத்து வேப்பிலை, சீப்பு, பாதி நிலா. படத்துக்குக் கீழே நாலு கோடு, மூன்று புள்ளி. எட்டாம் வகுப்போடு நின்றவர், வேகமாக எழுத வராமல் படம் போட்டு வைத்திருக்கிறார் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ரேவணசித்தப்பா. சிக்ககொப்பா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். டாக்டர், நர்ஸ், ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணிப்பெண்கள் எல்லோரும் காகிதத்தில் எழுதுவதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். வேலை ஒப்பந்தம்தான், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அந்த ஒரு காரணத்தாலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நீலவ்வா எங்கள் ஊர் ஆஷா. இளஞ்சிவப்புச் சேலை, தோளில் பை, மழையோ வெயிலோ கையில் குடை. பதினாலு வருடமாக வீடு வீடாகப் போய் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, யாருக்கு இருமல் நிற்கவில்லை என்று பார்த்து வருபவர். கணவர் யமனப்பா டிராக்டர் ஓட்டுகிறார். பெயர்தான் எமன், வீட்டில் பூனை. மனைவி சாப்பிட வரத் தாமதமானால் ரொட்டியைத் துணியில் சுற்றிச் சூடு ஆறாமல் வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

நீலவ்வாவிடம் எனக்கு விளங்காத பழக்கம் ஒன்று இருந்தது. ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, "யவ்வா, மில்லுக்குக் கரண்ட் வந்துருச்சு. சோளம் இருந்தா எடுத்துட்டு வா" என்று குரல் கொடுப்பார். சுகாதார நிலையத்தின் பின்கேட்டை ஒட்டித்தான் மாவு மில். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். மில்காரனோடு இவருக்கு ஏதோ பேச்சு இருக்கிறது, ஆள் பிடித்துக் கொடுக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். திங்கட்கிழமை மட்டும் இந்தக் குரல் கேட்காது. திங்கள் பசவண்ணனின், அதாவது எருதுச் சாமியின் நாள். எங்கள் பக்கம் அன்று எருதுக்கு ஏர் பூட்டமாட்டோம். எருதுக்கு ஓய்வு என்றால் எருதின் பின்னால் போகிறவனுக்கும் ஓய்வு. ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மில்லில் கரண்ட் இருந்தாலும் நீலவ்வாவின் கணக்கில் அன்று கரண்ட் இல்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்ப்பதற்கும் புரிவதற்கும் நடுவில் ஒரு ஊர் தூரம்.

போன வருடம் 'தாயிநெரளு' வந்தது. தாயின் நிழல் என்று பெயர் வைத்து, போனுக்குள் ஒரு செயலியை அனுப்பி வைத்தார்கள். திருமணமான ஒவ்வொரு பெண்ணையும் அதில் ஏற்ற வேண்டும். எத்தனை பிள்ளை, எத்தனை கலைந்தது, என்ன தடுப்பு முறை, அடுத்த தேதி எப்போது. கடைசியில் போன் நம்பர். நம்பர் போடாமல் அடுத்த பக்கம் நகராது, அழுத்தி அழுத்தி என் விரல்தான் தேயும். மாவட்டத்தில் எந்த நிலையம் முதலில் நூற்றுக்கு நூறு முடிக்கிறதோ அதற்குக் கூட்டத்தில் பாராட்டு என்றார்கள். பாராட்டு என்ற சொல் என் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் விழாமல் போனது.

ஆஷாக்கள் இழுத்தடித்தார்கள். நீலவ்வா பாதி வீடுகளுக்கு மேல் ஏற்றவே இல்லை. கேட்டால், "ஆகட்டும் தம்பி, ஆகட்டும்" என்பார். பொறுமை போய், நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நர்ஸ் ஜுலேகாவின் அலமாரியில் மூன்று மாத ஊசிப் பதிவேடு இருந்தது. பிள்ளை வேண்டாம் என்று தள்ளிப்போடுகிற பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. நர்ஸ் விடுப்பில் இருந்த வாரம் சாவியை வாங்கி, அதில் இருந்த நாற்பத்தொரு பெயரையும் ஏற்றினேன். போன் நம்பர்? அதற்கும் வழி இருந்தது. பஞ்சாயத்திலிருந்து ரேஷன் அட்டைப் பட்டியல் வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே இருந்த நம்பரைப் போட்டேன். மிச்சப் பெண்களையும் அந்தப் பட்டியலை வைத்தே ஏற்றி முடித்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு போன். யாரைக் கேட்டாலும் அந்த நம்பரைத்தான் சொல்வார்கள். இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு ஊர் ஆஷாக்களும் மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அன்று மூன்று மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் பாராட்டு. நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன்.

"அக்கா, இனிமே நீங்க குடையைத் தூக்கிட்டு தேதி சொல்ல அலைய வேண்டாம்" என்றேன் நீலவ்வாவிடம். "நூத்துக்கு நூறு முடிச்சிட்டேன். ஊசிக்கு முதல் நாள் காலைல ஒம்பது மணிக்குத் தானா மெசேஜ் போயிடும். கன்னடத்துலயே போகும். பேரு, என்ன ஊசி, எதுக்கு, எந்தத் தேதி, எல்லாம் இருக்கும்."

"யாருக்குப் போகும்?"

"அவங்களுக்குத்தான்."

"அவங்களுக்கு ஏது தம்பி போனு?"

"வீட்டு நம்பர் போட்டிருக்கேன். ரேஷன் கார்டுல இருக்குமே, அது."

நீலவ்வா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாலு வருடத்தில் கூட்டம் முடிவதற்கு முன் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று பின்னால் மற்ற ஆஷாக்கள் சொன்னார்கள்.

"நாளைக்குக் காலைல யாருக்குப் போகுது? பாரு."

பார்த்தேன். ஒரே ஒரு பெயர். சாவக்கா. நம்பர், அவள் மாமனார் சங்கப்பாவுடையது.

சாவக்காவை எனக்குத் தெரியும். அவளுக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், ஜீப்பில் போட்டுக்கொண்டு போய், இரண்டு பாட்டில் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் சில வருடத்துக்கு இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும். தெரியாத விஷயம், அந்தப் பேச்சு அவள் வீட்டுக்குள் நுழையவே இல்லை என்பது. ஆண்பிள்ளை வேண்டும் என்பதில் சங்கப்பா கல். மகனுக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்கவும் ஆள் அனுப்பியிருந்தார். "இன்னும் ஒரு வருஷம் பாப்போம், தரிக்கலேன்னா கொண்டுவந்துடலாம்" என்று வீட்டில் சாவக்காவின் காதுபடவே பேச்சு. மருமகள் தரிக்காமல் இருப்பதற்கு ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று தெரிந்தால் ஒரு வருடமெல்லாம் கிடையாது. அன்றைக்கே தாய்வீட்டு பஸ். பிள்ளைகள் இங்கே, அவள் அங்கே.

"சங்கப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே அக்கா" என்றேன்.

"அம்பிகாவுக்குத் தெரியுமே" என்றார் நீலவ்வா.

அம்பிகா சாவக்காவின் மூத்த பெண், எட்டு வயது. தாத்தாவின் போனில் என்ன வந்தாலும் அவள்தான் படிப்பாள். முற்றத்தில் உரல் மேல் ஏறி நின்று, பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல் உரக்கப் படிப்பாள். மழை அறிவிப்பு, வங்கிச் செய்தி, லாட்டரி விழுந்ததாகப் பொய்ச் செய்தி, எல்லாம் அவள் வாயால்தான் தெருவுக்கு வரும். சங்கப்பா மீசையைத் தடவிக்கொண்டு கேட்பார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்வார். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்கிற அதே கிழவர்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு, அந்தக் குழந்தை தன் அம்மாவின் பெயரைப் படித்து, அதன் கீழே இருப்பதையும் ஒரு எழுத்து விடாமல் படிக்கும்.

நீலவ்வா பையிலிருந்து நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கேட்காமலேயே சொன்னார்.

"ஒவ்வொருத்தியும் அவளே கேட்டு வாங்கின படம் இது. 'உனக்கு என்னடி வேணும், கிளியா, சீப்பா'ன்னு கேப்பேன். சொல்லுவாளுங்க. கோடு தேதி, புள்ளி எத்தனாவது ஊசி. மில்லுக்குக் கரண்ட் வந்துச்சுன்னா நர்ஸம்மா ஊசியோட வந்திருக்கான்னு அர்த்தம். சோளத்தைக் குடுத்துட்டு பின்கேட் வழியா வந்து போட்டுட்டு, மாவை வாங்கிட்டுப் போயிடுவாளுங்க. என் வீட்டுக்காரருக்கே எந்தப் படம் யாருதுன்னு தெரியாது. பதினாலு வருஷம் காப்பாத்தினேன் தம்பி. நீ பதினாலு நாள்ல முடிச்சிட்டியே."

தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சிடறேன் அக்கா" என்றேன். அழிக்க முடியவில்லை. ஏற்றியதை அழிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. நம்பரையாவது மாற்றலாம் என்று அழுத்தினேன். பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டது. பழைய நம்பர் சங்கப்பா மடியில்.

"நாளைக்கு ஒரு நாள் அந்தப் போனை எடுத்து மாட்டுத் தொட்டியில போட்டுடலாமா?" என்றேன்.

"சாவக்காவுக்குச் சரி. மிச்சம் நாப்பது பேருக்கு? அத்தனை போனைப் போட எந்த ஊர்ல தொட்டி கட்டி வச்சிருக்கான்?" என்றவர், குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உனக்கு மூணு மணிக்குப் பாராட்டுதானே? வா, நாங்களும் வர்றோம்."

எட்டு ஆஷாக்களும் பஸ் ஏறினார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். என்னிடம் மட்டும் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபோது, "பாவம், இவன் ஒருத்தன்தான் ஆம்பளை" என்று பின்சீட்டில் ஒருத்தி சொல்ல, அத்தனை கவலையிலும் எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீலவ்வா என் தோளில் தட்டினார். "நீ கெட்டவன் இல்ல ரேவணா. ஒரு வார்த்தை கேக்காதவன். அவ்வளவுதான்." அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மாவட்ட அலுவலகத்து மண்டபத்தில் நாற்பது ஐம்பது பேர். சுவரில் பெரிய திரை. அதில் பெங்களூரிலிருந்து செயலியைச் செய்த கம்பெனிப் பெண் ஒருத்தி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவட்ட அதிகாரி நல்ல உயரம், நல்ல குரல். அவரும் டாக்டர்தான், நாற்காலி ஏறின பிறகு நாடி பிடித்து வெகுநாள் ஆகிவிட்டது.

"சிக்ககொப்பா! எங்கே அந்தப் பையன்? நூத்துக்கு நூறு! எல்லாரும் கத்துக்கங்க" என்று கைதட்டினார். மண்டபமும் தட்டியது. எழுந்து நின்றேன். இதற்காகத்தானே இஸ்திரி போட்டேன்.

"சார், அந்த நூறும் தப்பு சார்" என்றேன். "பொம்பளைங்களோட நம்பர் ஒண்ணுகூட அதுல இல்ல. மாமனார் நம்பரும் புருஷன் நம்பரும் போட்டிருக்கேன். யார்கிட்டயும் கேக்கல."

கைதட்டல் நின்றது. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பின்வரிசையில் எட்டு இளஞ்சிவப்புச் சேலைகள் எழுந்தன. நீலவ்வா நேராக முன்னால் நடந்து வந்தார்.

"சாஹேப், நாளைக்குக் காலைல போற மெசேஜை நிறுத்தணும். எங்க ஊருக்கு மட்டும் இல்ல, மாவட்டம் பூரா."

"என்னம்மா இது, நல்ல விஷயம்தானே? ஊசி தேதி மறந்துடக் கூடாதுன்னுதான் அனுப்பறோம். எல்லாம் ரகசியமா இருக்கும். சர்வர் பெங்களூர்ல பூட்டிப் பத்திரமா இருக்கு."

"சர்வர் பத்திரமா இருக்கட்டும் சாஹேப். போனு எங்க இருக்கு? மாமனார் மடியில இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்தது. "புருஷனுக்குத் தெரியாம ஊசி போட்டுக்கறதே தப்பு. குடும்பத்துல மறைக்கச் சொல்லித்தான் உன்னை வேலைக்கு வச்சிருக்கா?"

"ஒருத்தி ரத்தம் போயி ஜீப்புல கிடந்தா சாஹேப். ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. அன்னைக்கு அவ உடம்புதான் கிடந்தது, குடும்பத்து உடம்பு இல்ல. உயிரு வேணும்னு அவ எடுத்த முடிவு அது. சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம். உங்க மிஷினு எப்படிச் சொல்லும்?"

"யார் அவ? பேரு சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"பேரு சொல்ல மாட்டேன்."

"பையில என்ன நோட்டு? அதுல இருக்குமே. அரசாங்க வேலையோட நோட்டு, அரசாங்கத்துச் சொத்து. குடு இங்கே."

நீலவ்வா ஒரு நொடிகூடத் தயங்காமல் நோட்டை நீட்டினார். "படிங்க சாஹேப்."

அவர் புரட்டினார். கிளி. கத்தரிக்கோல். வேப்பிலை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் இன்னொருவரிடம். படித்த அறிவாளிகள் அத்தனை பேரும் ஒரு கிளியைச் சுற்றி நின்று முழித்தார்கள். அப்போது எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வேன். எங்கள் ஊர் நீலவ்வா, எட்டாம் வகுப்பு, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்த பூட்டு. ஒரு மண்டபமே சேர்ந்தும் திறக்க முடியவில்லை.

"அது யாருதோ அவளுக்குத்தான் அது படிக்க வரும் சாஹேப்" என்றார் நீலவ்வா. "உங்க மிஷினுக்கும் இதைத்தான் கத்துக்குடுக்கணும்."

அப்போது திரையிலிருந்து குரல் வந்தது. அந்தக் கம்பெனிப் பெண் காதில் மாட்டியதைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "சார், மன்னிக்கணும். நாங்க 'பயனாளியின் நம்பர்'னுதான் போட்டிருந்தோம். அவங்கவங்க சொந்தப் போன்னு நினைச்சிட்டோம். வீட்டுக்கு ஒரே போன்னு எங்களுக்கு யாரும் சொல்லல."

"இங்க யாரும் கேக்கலியேம்மா" என்றார் நீலவ்வா திரையைப் பார்த்து. "நீ எந்த ஊரு?"

"தும்கூர் பக்கம்மா."

"உங்க அம்மாவுக்குத் தனியா போனு இருக்கா?"

"இல்லம்மா. அப்பா போன்லதான் பேசுவாங்க" என்றாள். பிறகு அதிகாரியிடம் வேகமாகச் சொன்னாள்: "சார், எல்லா மெசேஜையும் என்னால இப்பவே நிறுத்த முடியும். நாளைக்குப் போக வேண்டியது இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் கம்பெனிக்குக் கைமாறிடும். அதுக்கு அப்புறம் என் கையில இல்ல. நீங்க ஒரு வரி எழுத்துல அனுப்பினாப் போதும்."

மணி நாலரை. அதிகாரி மேலிடத்தில் கேட்க வேண்டும், நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார். நீலவ்வா தரையில் உட்கார்ந்தார். எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து சாப்பிடாதவர்கள், பையிலிருந்து சோள ரொட்டியையும் வேர்க்கடலைச் சட்னியையும் எடுத்துப் பிரித்தார்கள். குளிர்பதன மண்டபம் முழுக்கப் பூண்டு வாசனை.

"இது என்ன கூத்து? எட்டுப் பேர் பேரையும் ஆஷா பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன்" என்றார் அதிகாரி.

நீலவ்வா கழுத்து அடையாள அட்டையைக் கழற்றி ரொட்டித் துணியின் பக்கத்தில் வைத்தார். "எடுங்க சாஹேப். ஆனா ஒண்ணு மட்டும் செய்யுங்க. உங்க போனைத் திறந்து இந்த ரேவணன் கையில குடுங்க. நாளைக்குக் காலை ஒம்பது மணி வரைக்கும் அவன் வச்சிருக்கட்டும். வர்றதை எல்லாம் வாசல்ல நின்னு சத்தமாப் படிக்கட்டும்."

அதிகாரியின் கை சட்டைப்பைக்குப் போனது. போனை எடுப்பதற்கு அல்ல, மூடிக்கொள்வதற்கு. மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது. திரையில் இருந்தவளும் பார்த்தாள்.

"பாத்தீங்களா, கை தானாப் போகுது" என்றார் நீலவ்வா மெதுவாக. அந்தக் குரலில் கேலி இல்லை. "எங்க பொம்பளைங்களுக்கும் அதே கைதான் சாஹேப். பொத்திக்கறதுக்குப் பைதான் இல்ல. நீங்க டாக்டருக்குப் படிச்சவரு. உங்ககிட்ட ஒருத்தி வந்து சொன்னதை அவ மாமனார்கிட்டப் போயி சொல்லுவீங்களா?"

அதிகாரி ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வரி தட்டினார். திரையில் அந்தப் பெண் குனிந்தாள், நிமிர்ந்தாள். "நிறுத்தியாச்சு சார். மாவட்டம் பூரா." மணி ஐந்தே கால்.

யாரும் கைதட்டவில்லை. நீலவ்வா அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, நோட்டைக் கேட்டு வாங்கி, மிச்ச ரொட்டியைத் துணியில் கட்டினார். "ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், எழுந்திருங்கடி" என்றார்.

நிறுத்தியாச்சு என்று இயந்திரம் சொன்னால் நம்பிவிட என்னால் முடியவில்லை. ஏற்றியவன் நான் அல்லவா. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு சங்கப்பா வீட்டு முன்னால் சைக்கிளின் செயினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சந்தில் நீலவ்வா ஒரு குழந்தையின் நகத்தை ரொம்ப நேரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். உள்ளே சாவக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கும் தெரியும், நீலவ்வா முந்தின ராத்திரியே சொல்லிவிட்டிருந்தார். சோள ரொட்டி தட்டும் சத்தம் எங்கள் தெருக்களில் எல்லா வீட்டிலும் கேட்பதுதான், தப் தப் தப் என்று. அன்று ஒரு வீட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் சிணுங்கியது.

ரொட்டிச் சத்தம் நின்றது.

"அம்பிகா! வந்து படி" என்றார் சங்கப்பா. அம்பிகா ஓடி வந்து உரல் மேல் ஏறினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் செயினைப் பிடித்திருந்த கையில் எண்ணெயோடு வேர்வையும் வழிந்தது. எதிர்ச் சந்தில் நீலவ்வா குழந்தையின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"அன்பான விவசாயிகளே" என்று அம்பிகா தெருவே கேட்கப் படித்தாள். "அடுத்த இரண்டு நாட்களில் லேசான மழைக்கு வாய்ப்பு. உலர வைத்த தானியத்தைப் பத்திரப்படுத்தவும்."

"கேட்டியா ரேவணா, எப்படிப் படிக்கறா பாத்தியா!" என்றார் சங்கப்பா என்னைப் பார்த்து.

"கேட்டேன் யஜமான்" என்றேன். கண்ணில் தண்ணீர், செயின் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பது தாண்டி ஐந்து நிமிடம் ஆகியும் போன் வேறெதற்கும் சிணுங்கவில்லை. உள்ளே தப் தப் தப் என்று சத்தம் மறுபடி தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு எப்போதும் போல.

கதை இங்கே முடிந்தது என்று சொன்னால் நீலவ்வா சிரிப்பார். அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு எட்டுப் பேருக்கும் காகிதம் வந்தது. தன்னுடையதை அவர் நோட்டில் கிளிப் பக்கத்துக்கும் சீப்புப் பக்கத்துக்கும் நடுவே வைத்திருக்கிறார். இரண்டு மாதத்தில் செயலியும் மாறி வந்தது. நம்பர் போடாமல் பக்கம் நகரும். நம்பர் போட்டால், இந்தப் போன் யாருடையது, இதற்குச் செய்தி அனுப்பலாமா என்று இரண்டு கேள்வி. ஆமாம் என்று அவளே சொல்ல வேண்டும். நீலவ்வா 'மில்லுக்குக் கரண்ட்' வந்த நாட்களில் நாற்பத்தொரு பேரிடமும் கேட்டு வந்து சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். முப்பத்தெட்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேர் அனுப்பு என்றார்கள். ஒருத்தியின் கணவனே தேதி கேட்டுக்கொண்டிருக்கிறானாம். "கேட்டாத்தானே தெரியுது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார் நீலவ்வா.

இதை எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அவகிட்டக் கேட்டியா?" என்றார்.

மறுபடியும் அதே தப்பு.

ஆகவே, சிக்ககொப்பா என்ற பெயரை எந்த வரைபடத்திலும் தேடாதீர்கள். சாவக்கா என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை. சங்கப்பாவும் அம்பிகாவும் வேறு பெயரில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றிவிட்டேன். மில்லுக்குப் பதில் அங்கே வேறொன்று இருக்கிறது, நீலவ்வாவின் குரலும் வேறு வார்த்தை சொல்லும். இவ்வளவையும் மாற்றிய பிறகு நீலவ்வா அவளிடம் எடுத்துப் போய்க் கேட்டார். எழுதலாமா, வேண்டாமா.

எழுதட்டும் என்றாளாம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அதை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்:

"எம் பேரு வேண்டாம். ஆனா எம் பொண்ணு தப்பில்லாமப் படிப்பான்னு மட்டும் எழுதச் சொல்லு."